பழைய பிஸ்டல் பார்க்கப் போகும்போது அரைக் கிலோ எடைக்கல்லையும் எடுத்துக்கொண்டு போங்கள்

எனக்குத் தொழில் ஏசி சர்வீஸ். பெரம்பூரில் சின்னதாக ஒரு கடை, கூட வேலைக்கு இரண்டு பையன்கள். 2017 மே மாதம், ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்தில் ஸ்பிளிட் ஏசி தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். டிரெயின் பைப்பில் பாசி அடைத்திருந்தது. ஊதி எடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த கோச், "வந்தது வந்துட்டீங்க, பத்து ஷாட் அடிச்சுப் பாருங்க சார்" என்றார். ஆறு ஷாட் தாளிலேயே படவில்லை. ஒன்பதாவது மட்டும் கறுப்புக்குள் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போக மறந்துவிட்டேன். அப்படிப் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு ஒன்றைத் தப்பாக வாங்கினேன், இன்னொன்றைச் சரியாக வாங்கினேன். இரண்டுமே பழசு. என்னை மாதிரி ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் சுட்டுவிட்டு வர நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மெடலுக்குப் போகிறவர்களுக்கு அவர்கள் கோச் இருக்கிறார்.

முதலில் எனக்கு ஆசை வந்தது .22 பிஸ்டல் மேல், அதாவது .22 அங்குலக் குழலில் நிஜத் தோட்டா சுடுவது. அமெரிக்காவில் ரூகர் கம்பெனியின் பழைய பிஸ்டல் ஒன்றைச் சில நூறு டாலருக்கு வாங்கி, வேலியோரம் தகர டப்பாவை வரிசையாக வைத்துச் சுடுகிறார்கள். வீடியோவில் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த .22 தோட்டாவைத்தான் ரிம்ஃபயர் என்கிறார்கள். பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி விளிம்பு முழுக்க உள்ளுக்குள் தடவியிருக்கும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஃபயரிங் பின் நடுவில் அடிக்காமல் விளிம்பில் அடிக்கும். வெடிச்சத்தமும் உதைப்பும் குறைவு. ஒலிம்பிக்கில் பெண்கள் 25 மீட்டர் பிஸ்டலில் சுடுவது இந்தத் தோட்டாவைத்தான்.

ஆனால் இங்கே கதை வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி .22-வுக்கு லைசென்ஸ் வேண்டும், வயது 21 ஆகியிருக்க வேண்டும். சென்னை மாநகரத்துக்குள் இருப்பவர் வேப்பேரியில் கமிஷனர் ஆபீசுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், மாவட்டங்களில் கலெக்டர். பழசை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்குவதற்கும் முறை இருக்கிறது. விற்பவர் தன் உத்தேசத்தை மாவட்ட அதிகாரிக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரண ஆள் இறக்குமதி செய்வது எண்பதுகளிலேயே நின்றுபோனது. அதனால் அதற்கு முன் உள்ளே வந்த சரக்குதான் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது. நம் தாத்தா காலத்து பிஸ்டலுக்கு லட்சக் கணக்கில் விலை சொல்வது அதனால்தான். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதைத் தள்ளிவிட வேண்டிய பெரியவர்கள் மூலம் கொஞ்சம் சரக்கு வெளியே வந்தது. விலை மட்டும் இறங்கின மாதிரி எனக்குத் தெரியவில்லை. இதற்கு மேல் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, முடிந்த பிறகு திரும்ப வாங்க வேண்டும்.

ஆக, குறைந்த விலைப் பழைய ரிம்ஃபயர் என்ற சமாசாரம் நம் ஊரில் கிடையாது. .22 சுட்டே ஆக வேண்டும் என்றால் ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி, கிளப் துப்பாக்கியில் சுடுங்கள். ஏற்கெனவே லைசென்ஸ் கையில் இருந்து, தெரிந்தவர் ஒருவர் .22 கொடுக்கிறார் என்றால் ஒரே ஒரு இடத்தை மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள்: தோட்டா உட்காரும் அறையின் வாய் விளிம்பு. தோட்டா இல்லாமல் சும்மா டிரிக்கரை இழுத்து இழுத்து விளையாடியிருந்தால், ஃபயரிங் பின் போய் அந்த இரும்பு விளிம்பில் அடித்து அடித்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தின் பிசிறு தோட்டாவை உள்ளே போகவிடாது, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே வரவிடாது. தோட்டா அடுக்கும் மேகசினின் உதடுகள் வளைந்திருக்கிறதா, குழல் உள்ளே வளையம் மாதிரி எங்கேயாவது வீங்கித் தெரிகிறதா என்பதையும் பார்க்கலாம். விளிம்பில் பள்ளம் இருந்தால் மீதியைப் பார்க்கவே வேண்டாம்.

எனக்கு லைசென்ஸும் இல்லை, லட்சமும் இல்லை. காற்றழுத்தத்தில் பெல்லட் என்ற குட்டி ஈயக் குண்டைத் தள்ளும் ஏர் பிஸ்டலுக்கு வந்தேன்.

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டர் மேட்ச் பிஸ்டலில் பெல்லட் எடை சுமார் அரை கிராம், வேகம் நொடிக்கு 150 மீட்டர் அளவில். கணக்குப் போட்டால் ஐந்தரை ஜூல் சொச்சம்தான் வருகிறது. லைசென்ஸ் வேண்டாம் என்றால் பேப்பரே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பழசில் நான்கு ரகம் கண்ணில் படும். ஸ்பிரிங் வைத்தது மலிவு. ஆனால் சுடும்போது உள்ளே பிஸ்டன் முன்னால் போய் முட்டுவதில் கை ஆடும், கற்றுக்கொள்வதற்குள் வெறுத்துவிடும். 12 கிராம் குப்பி போடும் கார்பன் டை ஆக்சைடு பிஸ்டலைப் பற்றி ஏசிக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அந்த வாயுவுக்கு 20 டிகிரியில் சுமார் 57 பார் அழுத்தம், 30 டிகிரியில் 72 பார். 31 டிகிரி தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகவே நிற்காது. சென்னையில் 31 டிகிரி என்பது காலை எட்டு மணி. ஏழு மணிக்கு ஒரு இடத்தில் அடிக்கும், பதினோரு மணிக்கு இன்னொரு இடத்தில் அடிக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா வாங்கிக் கொடுத்தார் என்றால் டப்பா சுட வைத்துக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

மீதி இரண்டு: சிலிண்டரில் 200 பார் காற்றை அடைத்துச் சுடுவது ஒன்று. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையால் ஒரு லீவரை இழுத்து மூடிக் காற்றை அழுத்திக்கொள்வது இன்னொன்று. இதைச் சிங்கிள் ஸ்ட்ரோக் என்பார்கள். ஸ்டெயர், வால்தர், மொரினி, பர்தினி, ஃபைன்வெர்க்பாவ் என்று போட்டியில் பார்ப்பதெல்லாம் இப்போது சிலிண்டர்தான்.

நான் 2018 பொங்கலுக்கு முன்னால் தப்பாக வாங்கியது ஒரு சிலிண்டர் பிஸ்டல். பளபளவென்று இருந்தது. 55,000 ரூபாய். விற்றவர் பெயரும் ஊரும் வேண்டாம். வீட்டுக்கு வந்து சுட்டுப் பார்க்கவும் இல்லை, மறுநாள் நேரே காற்று நிரப்பக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பையன் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டான். "இதுக்கு ஏர் அடிக்க மாட்டோம் சார். டேட் முடிஞ்சிருச்சு."

சிலிண்டர் உடம்பில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் அதற்குப் பத்து வருடம்தான் ஆயுள் சொல்கின்றன, சிலது அதற்கு மேல். என்னுடையதில் 2005 என்று இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கேஸ் சிலிண்டர் தூக்குகிறவன் நான். டெஸ்ட் தேதி பார்க்காமல் நைட்ரஜன் சிலிண்டரைக்கூடக் கடைக்குள் விடமாட்டேன். பிஸ்டலின் அழகைப் பார்த்ததில் புத்தி மழுங்கிவிட்டது. புது சிலிண்டர் வெளியிலிருந்து வரவழைத்ததில் இருபதாயிரத்துக்கு மேல் போனது. அதனால் சிலிண்டர் ரகம் பார்க்கப் போனால் முதலில் தேதி, பிறகுதான் பிஸ்டல். போன் பண்ணும்போதே "சிலிண்டர்ல என்ன தேதி போட்டிருக்கு, ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் பெட்ரோல் மிச்சம்.

தேதி சரி என்றால் லீக். நிரப்பின சிலிண்டரின் கேஜ் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கேயோ ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போயிருக்கிறது. அவசரம் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பை நுரைத்து வால்வு வாயிலும் இணைப்பிலும் தடவி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு நிமிடம் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத லீக்கும் அந்த நுரையில் ஒரு குட்டிக் கொப்பளம் விட்டுக் காட்டிக்கொடுக்கும். பார்த்ததும் ஈரத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் கடையில் பிரேஸிங் போட ஆக்சிஜன் இருக்கும். அதை இந்தச் சிலிண்டரில் ஏற்றலாமே என்று ஒரு நினைப்பு வந்தால் கையை எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கிரீஸோடு சேர்ந்து வெடிக்கும். கம்ப்ரஷர் ஆயில், மெஷின் ஆயில் எதையும் சீல் பக்கம் விடவும் கூடாது. சிலிக்கான் கிரீஸ் ஒரு கடுகு அளவு போதும்.

சரியாக வாங்கியது சிங்கிள் ஸ்ட்ரோக். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க்கில் செய்த பைக்கால் இஸ்-46எம். அம்பத்தூரில் ஒரு காலேஜ் பையன் விற்றான். வேலை கிடைத்து பெங்களூர் போகிறான், அப்பாவுக்கு இதை வீட்டில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை. பார்க்க இரும்புக் குழாய் மாதிரிதான் இருக்கும், முன்பக்கம் கனம். ஆனால் சிலிண்டர் இல்லை, காற்று நிரப்பும் செலவு இல்லை, தேதி முடிவதும் இல்லை. உள்ளுக்குள்ளேயே ஒரு கம்ப்ரஷர், தேய்வது இரண்டு மூன்று சீல். என்னை மாதிரி ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பையன் வழக்கமாகச் சுடும் ரேஞ்சிலேயே போய்ப் பார்த்தேன். முதலில் அவன் எடுத்துக் கொடுத்த விதத்தைப் பார்த்தேன். வாய் டார்கெட் பக்கம், பெல்லட் உட்காரும் வாசல் திறந்தபடி, விரல் டிரிக்கருக்கு வெளியே. இப்படிப் பழகினவன் பொருளையும் ஒழுங்காகத்தான் வைத்திருப்பான். மூடின பிஸ்டலை உங்கள் வயிற்றுக்கு நேராக நீட்டிக் கொடுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பிறகு டிஷ்யூ பேப்பர். ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, பெல்லட் போட்டு மூடின பிறகு அந்த மூடி சேரும் இடுக்கின் மேல் லேசாக வைத்தேன். டார்கெட்டைப் பார்த்துச் சுட்டால் பேப்பர் அசையக் கூடாது. என்னுடையது வலது பக்கம் துள்ளிப் பறந்து விழுந்தது.

"அங்கிள், இது நல்லாத்தான் அடிக்கும். போன மாசம்கூட மேட்ச் அடிச்சேன்."

"நல்லாத்தான் அடிக்குது தம்பி. காத்து பின்னாடியும் கொஞ்சம் வருது, அதான். பெல்லட் வாசலை அடைக்கிற பிரீச் சீல் போயிருக்கு."

பையனின் அப்பா குனிந்து பேப்பரை எடுத்துப் பார்த்தார். 41,000 சொன்னவர் 38,000-க்கு இறங்கினார். அந்தச் சீலை நான் பாரிமுனையில் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில் அளவு சொல்லி வாங்கிப் போட்டேன். டீக்காசு. அதற்கப்புறம் டிஷ்யூ அசையவில்லை.

உள்ளே காற்றை அழுத்திப் பிடிக்கும் பெரிய சீல் எப்படி இருக்கிறது என்று பார்க்க, லீவரை இழுத்து மூடி உடனே ஒரு ஷாட், அடுத்து மூடி இரண்டு நிமிடம் காத்திருந்து ஒரு ஷாட். இரண்டு 'டப்'பும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். இரண்டாவது சோம்பலாகக் கேட்டால் உள்ளே கசிகிறது, அதை மாற்ற ஆள் பிடிக்க வேண்டும், விலையில் அதைப் பேசுங்கள். லீவரை மூடும்போது பாதியில் கையை விட்டுவிடாதீர்கள், திரும்பி வந்து விரலைப் பதம் பார்க்கும்.

அடுத்தது எடைக்கல். போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள் இதற்கென்று ஒரு எடை வைத்திருப்பார்கள். எனக்கு எங்கள் தெருக் காய்கறிக்காரர் அரைக் கிலோ கல்லைக் கொடுத்தார். ஒரு கம்பியைக் கொக்கியாக வளைத்துக் கல்லைக் கட்டிக்கொண்டேன். பிஸ்டலில் பெல்லட்டும் கூடாது, காற்றும் கூடாது. டிரிக்கரை மட்டும் ஏற்றிவிட்டு, வாய் மேலே நிற்கும்படி நேராகப் பிடித்து, கொக்கியை டிரிக்கரில் மாட்டி, தரையிலிருந்து கல்லை மெல்லத் தூக்க வேண்டும். கல் தரையை விட்டு எழும்பிய பிறகும் டிரிக்கர் விழாமல் இருந்தால் சரி. மூன்று முறை செய்யுங்கள். ஒருமுறை தாங்கி ஒருமுறை விழுந்தால் உள்ளே கொண்டி தேய்ந்திருக்கிறது அல்லது யாரோ அரைகுறையாகத் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். எடை கூடுதலாக இருந்தால் கவலை இல்லை, ஸ்குரூ வைத்துக் குறைத்துக்கொள்ளலாம். டிரிக்கர் கோளாறு உள்ள பிஸ்டலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன். சும்மா இருக்கும்போது வெடிக்கிற பொருள் அது.

டிரிக்கர் எலக்ட்ரானிக் என்றால் இன்னொரு யோசனை. மொரினியில் அந்த ரகம் உண்டு, விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் கோளாறாகி நேரம் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர்களுக்குப் பக்கத்தில் மெக்கானிக் இருக்கிறார், கையில் மாற்று பிஸ்டலும் இருக்கிறது. பழைய சர்க்யூட் போர்டை வைத்துக்கொண்டு நீங்கள் ரிச்சி தெருவில் அலைய முடியாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி உப்புக்காற்று வீட்டில் இருந்து வந்ததாக இருந்தால் இன்னும் ஒரு தடவை யோசியுங்கள்.

கிரிப்பை, அதாவது கைப்பிடியை, யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. மரக் கிரிப் வலது கைக்கு, இடது கைக்கு என்று தனித்தனி. அளவும் சிறிது, நடுத்தரம், பெரிது என்று உண்டு. பழைய சொந்தக்காரர் தன் கைக்கு ஏற்றபடி அங்கங்கே ராவியிருப்பார், எம்-சீல் வைத்து மேடு கட்டியிருப்பார். மேடு கட்டியதைத் தேய்த்து எடுத்துவிடலாம், அதிகமாக ராவியதைத் திரும்ப வளர்க்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்து, கையை நீட்டி, கண்ணைத் திறந்து பாருங்கள். குறி பார்க்கும் முன் சைட், பின் சைட்டின் இடைவெளிக்கு நடுவில் கிட்டத்தட்ட வந்து நின்றால் கிரிப் உங்களுக்கானது. ஒரு பக்கமாக ஓடினால் மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்யாதீர்கள், வாழ்நாள் முழுக்க முறுக்க வேண்டிவரும்.

குழலின் வாய்க்கு ஒரு பட்ஸ் பஞ்சு. விளிம்பைச் சுற்றி லேசாகத் தேய்த்தால் எங்கேயாவது நார் மாட்டுகிறதா? மாட்டினால் அங்கே பிசிறு, பெல்லட் கிளம்பும்போது அதன் பக்கம் சாயும். பின் சைட் திருகை வலது பக்கம் பத்து 'கிளிக்', திரும்ப இடது பக்கம் பத்து. ஒவ்வொன்றும் காதில் விழ வேண்டும்.

இதெல்லாம் முடிந்தால் சுடுங்கள். 10 மீட்டரில் மேசை மேல் மணல் பை வைத்து, கையை அதில் ஊன்றி, தட்டை மூக்கு பெல்லட்டில் ஐந்து ஷாட். டார்கெட்டில் பத்தாவது வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. நல்ல பிஸ்டலில் ஐந்தும் அந்தப் பொத்தானுக்குள் ஒரே ஓட்டையாக விழும். எங்கே விழுகிறது என்பது முக்கியமில்லை, சைட்டைத் திருப்பிக்கொள்ளலாம். சேர்ந்து விழ வேண்டும். உங்கள் கை நடுங்கினால் விற்பவரையோ கோச்சையோ சுடச் சொல்லிப் பாருங்கள். நான் கோச்சைத்தான் சுடச் சொன்னேன். எட்டு ஷாட் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தார்.

இப்போது பேப்பர். விற்பவரிடம் முதலில் வாங்கிய பில் இருக்க வேண்டும், அதில் உள்ள சீரியல் நம்பர் பிஸ்டலில் பொறித்த நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். நம்பரை ராவியிருந்தால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் இன்ன நம்பர் பிஸ்டலை இன்ன தேதியில் இன்ன தொகைக்கு இவருக்கு விற்றேன் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலை இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ளுங்கள். பணத்தை பேங்க் மூலம் அனுப்புங்கள். என் பெட்டியின் மூடிப் பையில் பில் நகலும் விற்ற கடிதமும் எப்போதும் இருக்கும். ஒருமுறை மூலக்கடை பக்கம் ராத்திரி வாகனச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் படித்தார், டார்கெட் தாளைப் பார்த்தார், "இதுல எத்தனை அடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அனுப்பினார். பெட்டி இல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தால் கேள்வி வேறாக இருந்திருக்கும்.

மொட்டை மாடியில் சுடலாமா என்று கேட்பவர்களுக்கு: எங்கள் தெருவில் எதிர் வீட்டு மாடியில் வடாம் காயப்போடுகிறார்கள். ஐந்தரை ஜூல் கண்ணைப் பறிக்கத் தாராளமாகப் போதும். நான் வீட்டில் வெறும் டிரிக்கர் பயிற்சி மட்டும்தான், அதுவும் காலிச் சுவரைப் பார்த்து. இஸ்-46எம்மில் காற்றை ஏற்றாமலேயே டிரிக்கரை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், அது ஒரு வசதி. புறாவைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை.

வாங்கின அன்றே ரேஞ்சில் போட்டுக்கொள்ளக் கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு பெல்லட் டப்பா வாங்கிவிடுங்கள். டப்பாவில் 500 இருக்கும், தலை அளவு 4.49, 4.50 என்று போட்டிருக்கும். இரண்டிலும் ஒவ்வொரு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு எது சேர்ந்து விழுகிறதோ அதையே தொடருங்கள். பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டீ, பன்.

காய்கறிக்காரரின் அரைக் கிலோ கல்லை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் எலக்ட்ரானிக் தராசுக்கு மாறிவிட்டார். பெரம்பூர் பக்கம் யாராவது பிஸ்டல் பார்க்கப் போவதாக இருந்தால் கொக்கியோடு கடைக்கு வந்து வாங்கிக்கொண்டு போகலாம்.